நான்காவது லைன்

ஆறரைக்குச் செய்தி. ஆறு ஐம்பதுக்கு நேயர் நேரம்.
தக்கோராடியில் எங்கள் வானொலிக்கு நாலு லைன்.
அதில் ஒன்று தினமும் அவனுக்கு.

திங்களன்று அவன் எபோ, படகுக்காரன்.
"டீசல் விலை இறங்கியிருக்கிறது, ஆண்டவருக்கு நன்றி" என்பான்.
செவ்வாயன்று ஆசிரியர் க்வான்சா:
தொண்டையைச் செருமிக்கொண்டு
சதவீதம் சதவீதமாய் எடுத்து அடுக்குவான்.
புதனன்று மார்க்கெட் வட்டத்தில் தக்காளி விற்பவளின் கணவன்.
அவளுக்குப் பேச வெட்கமாம்,
அதனால் இவன் பேசுகிறானாம்.

எனக்கு முகம் தேவையில்லை.
ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால்
பழைய சைக்கிள் பம்ப் போல மூச்சை இழுப்பான்.
பிறகு அந்தச் சேவல்.
படகிலும் பள்ளிக்கூடத்திலும் தக்காளிக் கூடைகளுக்கு நடுவிலும்
கூவுகிற ஒரே சேவல்.

ஃபீஃபி ஒலிவாங்கியில் உருகுவான்:
"கேளுங்கள், இதுதான் மக்களின் குரல்."

தேர்தலுக்கு ஐந்து மாதம் இருக்கையில்
எபோவுக்கு டீசல் விலை ஏறிவிட்டது.
பங்கில் பலகை மாறவில்லை,
நான் தினமும் அதைத் தாண்டித்தான் வருகிறேன்.
மாறியது
வெள்ளிக்கிழமைகளில் அவன் கைபேசிக்குப் பணம் அனுப்பும் ஆள்.

சிரித்தேன். சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை?
அமைச்சர் கூட்டம் முடிந்ததும் ஒரு கவர் தந்தார்கள்,
மேலே "போக்குவரத்துச் செலவு" என்று எழுதி.
மண்டபம் எங்கள் பின்தெருவில்.
நடந்து போனேன்,
நடந்து வந்தேன்,
கவரை வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்டில் ஒரு வியாழன். நான்காவது லைன்.
"என் பெயர் அட்டோ பிளாங்க்சன். எஃபியாகுமா."
புதுப் பெயர் என்று பட்டியலில் கடைசியில் எழுதினேன்.
பிறகு அந்த மூச்சு.
"குழாயில் மூன்று நாளாய்ச் சேறு வருகிறது.
மேலே ஆற்றில் தங்கம் தோண்டுகிறார்கள்.
தெருவில் ஒன்பது பேருக்கு வாந்தி.
என் சின்னவளுக்கும்."

சதவீதம் இல்லை. ஆண்டவருக்கு நன்றி இல்லை.
இதற்கு எவ்வளவு கொடுத்திருப்பார்கள் என்று
மனம் கணக்குப் போட்டது.
"இன்றைக்கு எந்தக் கட்சிக்கு?" என்று கேட்டேன்,
ஒலிபரப்பில் இல்லை, அவனிடம் மட்டும்.

சேவல் கூவியது.
"அம்மா," என்றான்,
"நான் என் வீட்டிலிருந்து பேசுகிறேன்."

என்றைக்கும் அங்கிருந்துதான் பேசினான்.

கண்ணாடிக்கு அப்பால் ஃபீஃபிக்கு நான்கு விரல் காட்டினேன்.
கழுத்தை அறுப்பது போல் கையை இழுத்துக் காட்டினான்:
நேரமில்லை, விளம்பரம்.
தங்கம் வாங்கும் கம்பெனி ஒன்றின் விளம்பரம்.
தற்செயலாய்த்தான் இருக்கும்.
தற்செயல் என்ற சொல்லையும்
யாரோ எனக்கு விற்றிருப்பார்களோ என்று
இப்போதெல்லாம் தோன்றுகிறது.

பதினொரு நிமிடம் காத்திருந்தான்.
சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்தது.
அவன் சொந்தக் காசு கரைவதை
முதல்முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு விளக்கு அணைந்தது.

அன்று மாலை என் வீட்டு வாளியில்
தண்ணீர் தேயிலை நிறத்தில் விழுந்தது.
எங்கள் செய்தியில் அது வரவில்லை.
ஒரு கணம்,
வாளியைத்தான் சந்தேகித்தேன்.

திங்கட்கிழமை ஆறு ஐம்பது.
"எபோ பேசுகிறேன், படகுக்காரன்."
டீசல் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான்.
மூச்சு அதேதான்.
சேவலுக்காகக் காத்திருந்தேன்.
கூவவில்லை.

விற்றிருக்கலாம்.
நோயில் கிடக்கும் பிள்ளைக்குச் சூப் வைத்திருக்கலாம்.
கேட்க வாயெடுத்தேன்.
ஃபீஃபி விரல் சொடுக்கினான்.

எபோவை
முதல் லைனில்
இணைத்தேன்.